மாமியார் வீட்டு மட்டோக்கே

எங்கள் புகாண்டாவில் மருமகன் மாமியாரின் முகத்தைப் பார்க்கக் கூடாது. பார்த்தால் கைநடுக்கம் வந்துவிடும் என்பார்கள். ஆகவே என் மாமியார் எனக்கு வெறும் குரல்தான், அதுவும் சமையற்கட்டின் நாணல் சுவருக்குப் பின்னாலிருந்து.

அன்று மாமனாரின் அக்கா நலுபொவா சாப்பிட வருவதாக இருந்தது. அந்த மகராசிக்குத் தம்பி பெண்டாட்டியின் சமையலில் குறை சொல்லாவிட்டால் தூக்கம் வராது.

"இன்னைக்கு அவ வாயை அடைக்கிறேனா இல்லையா பாருங்க மாப்பிள்ளை!" என்றது குரல்.

மாமியார் விடிந்ததும் எழுந்து மட்டோக்கேவுக்குப் பச்சை வாழைக்காய் சீவி, வாழையிலையில் பொட்டலம் கட்டி, ஆவியில் ஏற்றியிருந்தாள். மாமனார் அக்காவை அழைத்துவரப் போயிருந்தார். என் மனைவி நப்போசா உப்பு வாங்கப் போயிருந்தாள். நான் முற்றத்தில் பசியோடு கிடந்தேன். அப்போதுதான் தீய்ந்த வாடை வந்தது.

"அம்மா! பானையில தண்ணி வத்திடுச்சு போல!"

பதிலுக்குக் குறட்டைதான் கேட்டது. சம்பிரதாயமாவது மண்ணாவது! வாழையிலை ஒன்றைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு, தரையைப் பார்த்தபடி உள்ளே போய்ப் பானையில் தண்ணீரைக் கொட்டினேன். புஸ்ஸென்ற சத்தத்தில் விழித்தவள் அகப்பையால் என் முதுகில் ஒன்று வைத்தாள்.

"திருடன்! திருடன்!"

"ஐயோ, உங்க மருமகன்மா!"

அகப்பை கீழே விழுந்தது. ஆளுக்கொரு சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டோம்.

"தீஞ்சிடுச்சா?"

"கொஞ்சம்தான்மா."

"போச்சு. இனி ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பாளே!" என்று அழுதாள். எனக்கு மனசே கேட்கவில்லை.

நலுபொவா ஒரு வாய் தின்றதுமே மூக்கைச் சுளித்தாள். "ஏண்டா, உன் பொண்டாட்டி அடுப்புக்கரியையும் சேர்த்து அவிச்சாளா?"

மாமனார் வாய் திறக்குமுன் நான் முந்திக்கொண்டேன். "நான்தான் கேட்டேன் அத்தை. எங்க பக்கம் லேசாத் தீய விட்டுத்தான் தின்போம். அந்த வாசம் இல்லாம எனக்கு இறங்காது."

மூன்று முறை கேட்டு வாங்கித் தின்றும் காட்டினேன். நலுபொவா வாயை மூடிக்கொண்டாள்.

அடுத்த முறை போனபோது எல்லோர் தட்டிலும் மஞ்சள் மஞ்சளாய், பஞ்சாய் மட்டோக்கே. என் முன்னால் நப்போசா தனிப் பொட்டலம் ஒன்றைப் பிரித்தாள். கன்னங்கரேலென்று இருந்தது.

"உங்களுக்குன்னே அம்மா பக்கத்துல உட்கார்ந்து தீய வச்சாங்க."

நாணல் சுவருக்குப் பின்னாலிருந்து ஆசையாய்க் குரல் வந்தது.

"பதமா இருக்கா மாப்பிள்ளை? இன்னும் கொஞ்சம் தீய விட்டிருக்கணுமோ?"