மிச்சமிருந்த ஒரு பெயர்

தாராவியில் அவர்கள் சந்துக்குக் குழாய்த் தண்ணீர் காலை ஐந்தேகாலுக்கு வரும். ஜோசப்ராஜ் நாலே முக்காலுக்கெல்லாம் வேதாகமத்தைத் திறந்துவிடுவார். தோல் பட்டறையில் முப்பது வருஷம் பை தைத்த மனுஷர். காய்ச்சலே அடித்தாலும் மூன்று அதிகாரம் வாசிக்காமல் பல்லில் பச்சைத் தண்ணீர் படாது. முடித்த இடத்தில் பென்சிலால் ஒரு கோடு போடுவார். எழுத்து தெரியாத செல்வமேரிக்கு வேதம் என்றால் புருஷனின் குரல்தான். வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்டு, ஆமென் சொன்ன பிறகுதான் அவளுக்குப் பொழுது விடியும்.

அன்றைக்கு வந்ததெல்லாம் வெறும் பெயர்கள். இன்னாருக்கு இன்னின்னார் பிள்ளைகள் என்று போய்க்கொண்டே இருந்தது.

"அக்கூப்பா? நல்ல பேரு வச்சானுவ போங்க! ரேஷன் கடையில கூப்புடுத மாதிரியில்லா இருக்கு. இதையெல்லாம் வாசிச்சு என்னத்துக்கு?" என்று சிரித்தாள்.

"கர்த்தரே ஒருத்தன் பேரையும் விடல. நாம விடலாமாட்டி?" என்று சொல்லிவிட்டு, யோகனான், தெலாயா என மேலே வாசித்தார்.

வெளியே குடங்கள் உருண்டன. "தண்ணி வந்துட்டு. போதும், எந்திரிங்க."

"இருட்டி, இதுல இன்னும் ஒரே ஒரு பேருதான்."

"அந்தப் பேரு எங்கயும் ஓடிப்போயிராது. தண்ணிதான் போயிரும்!"

அவர் பென்சிலை எடுத்தார். கோடு போட்டுப் புத்தகத்தை மூடினார். இரண்டாவது குடத்தைத் தூக்கும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சந்திலேயே உட்கார்ந்தார். அப்புறம் எழுந்திருக்கவே இல்லை.

மறுநாள் சவப்பெட்டியை மூடப்போகும் நேரத்தில் செல்வமேரி ஓடிப்போய் வேதாகமத்தை எடுத்துவந்து அவர் நெஞ்சில் வைத்தாள். "இது இல்லாம அவுகளுக்கு விடியாதே!" என்று கதறினாள். சனமெல்லாம் உருகிப்போனது. பாஸ்டரே கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஒருவருக்காவது அது தப்பாகத் தோன்றவில்லையே!

அடுத்த நாள் விடியலில்தான் அவளுக்கு உறைத்தது. கை பழக்கத்தில் அலமாரிக்குப் போயிற்று. அங்கே பென்சில் மட்டும் கிடந்தது. அடிப் பாவி, அவர் விட்ட இடத்தையும் சேர்த்தல்லவா புதைத்துவிட்டேன் என்று வயிற்றில் அடித்துக்கொண்டு அழுதாள்.

மகன் ஏஞ்சலோவுக்கு விமான நிலையத்தில் பெட்டி ஏற்றும் வேலை. நாள் முழுக்க இந்திதான். ஞாயிறு பள்ளியில் படித்த தமிழ் எழுத்து பாதி மறந்துவிட்டது. "எந்த இடம்னு சொல்லும்மா, மொபைல்ல தேடித் தாரேன்," என்றான்.

"பேரு பேரா வரும்ப்பா."

"அரே, அப்படி எத்தனையோ இடம் இருக்கும்மா."

"அப்போ மொதல்லருந்து போடு. அந்த இடம் வந்தா எனக்குத் தெரியும். அப்பாவுக்கு ஒரு பேரு பாக்கி வச்சிட்டேன்ல."

எழுத்தும் ஓட, குரலும் வாசிக்கிற வேதாகமத்தை மொபைலில் இறக்கி, எங்கே அமுக்கினால் நிற்கும், எங்கே அமுக்கினால் ஓடும் என்று காட்டிக்கொடுத்தான். தினமும் மூன்று அதிகாரம். மொபைலில் வாசித்தவருக்கு இருமல் இல்லை, கண்ணாடியைத் துடைக்க நிறுத்துவதும் இல்லை. செல்வமேரிக்கு அந்தக் குரலே பிடிக்கவில்லை, ஆனாலும் கேட்டாள். பள்ளிக்கூடங்கள் திறந்தன. மழை பிடித்து, தகரக் கூரை ஒழுகியது. அவள் விடவில்லை.

ஆகஸ்டில் ஒருநாள் பெயர்கள் வந்தன. நடுவே 'அக்கூப்' என்று கேட்டதும் உரித்த வெங்காயத்தைக் கீழே போட்டாள். விரலை மொபைல் மேல் வைத்துக்கொண்டாள். யோகனான். தெலாயா. அமுக்கிவிட்டாள்.

"ஏஞ்சலோ, எந்திரிடா!"

பதறி எழுந்தான். "என்னம்மா, தண்ணி வந்துட்டா?"

"தண்ணி கெடக்கு. இதுக்கு அடுத்த பேர நீ வாசி. நம்ம வீட்டு வாயால வரணும்."

"எனக்குத் தமிழ் வாசிக்க வராதேம்மா."

"ஒரே ஒரு பேருதான்யா."

அவன் கண்ணைக் கசக்கிக்கொண்டு திரையைப் பார்த்தான். அடுத்த வீட்டு கிளாரா கதவைத் தட்டினாள். "மேரியக்கா, தண்ணி வந்துட்டு! வாங்க!" செல்வமேரி அசையவில்லை. மகனின் உதட்டையே பார்த்திருந்தாள்.

"ஆ... னா..." என்று நின்று, மறுபடி முதலிலிருந்து கூட்டினான். "ஆனானி."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதாம்மா. அதோட முடியுது."

ஆமென் சொல்ல வாயெடுத்தாள், வரவில்லை. தலையில் அடித்துக்கொண்டாள்.

"ஆனானி... இம்புட்டுதானா? இந்த ஒரு மூச்சு நேரம் நான் அவுகளுக்குக் குடுக்கலியே!"