ஐம்பதுக்குக் கீழே

கோல்பானி சுரங்க ஊரின் சின்ன ஆஸ்பத்திரியில் நர்ஸ் செனோபியாவிடம் மூச்சுப் பயிற்சி கற்றவர்களிலேயே கெட்டிக்காரர் காசிமிரோதான். இருபத்திரண்டு வருடம் சுரங்கத்துக்குள் பாறையைத் துளைத்தவர். திருவிழா பாண்டில் ஆள் உயரக் குழலை ஊதிப் பழகியவர் என்பதால், காற்றை இழுப்பதும் விடுவதும் அவருக்குச் சொன்னவுடன் பிடிபட்டது.

"மூக்கால இழுங்க. உதட்டக் குவிச்சு, சூடான சூப்ப ஊதுற மாதிரி மெதுவா விடுங்க. இழுத்ததுக்கு ரெண்டு மடங்கு நேரம். எங்க, இப்ப நான் சொன்னத நீங்க சொல்லுங்க."

அது அவள் வகுப்பின் சட்டம். கற்றதைத் திருப்பிச் சொல்லாமல் யாரும் வீட்டுக்குப் போகக்கூடாது. காசிமிரோ ஒரு சொல் பிசகாமல் சொல்வார். செவ்வாய்க்கிழமைகளில் புதிதாக வரும் தொழிலாளிகளுக்கு அவரை முன்னால் நிறுத்திச் செய்துகாட்டச் சொல்வாள் செனோபியா. எட்டு மாதத்தில் அவர் நடை தேறியது. மேட்டுத் தெருவில் நிற்காமல் ஏறினார். அவள் அதைத் தன் வெற்றியாகவே நினைத்தாள்.

ஓய்வூதியத்தை முடிவுசெய்யும் நகரத்துக் கமிட்டிக்கு அனுப்பவேண்டிய ஊதல் சோதனையும் அவள் பொறுப்புதான். நெஞ்சுப் படத்தில் தூசி வெள்ளை வெள்ளையாகப் படிந்திருப்பதை டாக்டர் எழுதிக் கொடுத்துவிட்டார். நுரையீரல் பலம் நூற்றுக்கு ஐம்பதுக்குக் கீழே இருந்தால் காசிமிரோவுக்கு ஓய்வூதியம். மேலே இருந்தால் மறுபடி சுரங்கம்.

"மிஷின் குழாயச் சுத்தி வாய இறுக்கி மூடிக்கங்க. ஊதுங்க! விடாதீங்க, இன்னும், இன்னும், இன்னும்!"

ஐம்பத்திநாலு. மறுபடி ஊதினார். ஐம்பத்திமூணு. மூன்றாவது முறை ஐம்பத்திநாலு.

"நல்லா ஊதினேனா நர்ஸம்மா?" என்று கண்ணில் நீர் கோர்க்கச் சிரித்தார்.

"ரொம்ப நல்லா" என்று சொன்ன பிறகுதான், எண் ஐம்பதைத் தாண்டிவிட்டது செனோபியாவுக்கு உறைத்தது. தாளில் எண்ணை எழுதும்போது அவள் அவரைப் பார்க்கவில்லை.

மூன்று வாரத்தில் கமிட்டி மறுத்துவிட்டது. அந்தக் கடிதத்தோடு காசிமிரோவும் அவர் மனைவி நிக்கொலாசாவும் வந்தபோது வராந்தாவில் இருபது பேர் காத்திருந்தார்கள். ஒரு குழந்தை தரையில் வாந்தி எடுத்திருந்தது. தண்ணீர்க் குழாய் உறைந்துபோய், துடைக்கத் தண்ணீர் இல்லை.

"எட்டு மாசம் நல்லா மூச்சு விடச் சொல்லிக் குடுத்தீங்கல்ல?" என்றாள் நிக்கொலாசா. "இப்ப கெட்டதா ஊதச் சொல்லிக் குடுங்க."

"விளையாடுறீங்களா? மிஷின் கோடு போடும். வேணும்னு கம்மியா ஊதினா கோடு கோணலா வரும். அங்க இருக்கிற டாக்டர் பாத்த உடனே கண்டுபிடிச்சிருவார். என் வேலையும் போகும், உங்க பேரையும் அடிச்சிருவாங்க."

"அப்ப நான் என்னதான் பண்றது?" என்றார் காசிமிரோ. கோபமாகக் கேட்கவில்லை. பாடத்தில் சந்தேகம் கேட்பதுபோலத்தான் கேட்டார்.

"என்ன பண்றதா? இன்னும் மோசமானா வாங்க. அடுத்த ஆள்!"

அவர் தலையாட்டினார். பழக்க தோஷம், திருப்பிச் சொன்னார்: "இன்னும் மோசமானா வரணும்."

வராந்தாவில் யாரோ சிரித்தார்கள். செனோபியாவும் உதட்டைக் கடித்துக்கொண்டு சிரித்தாள்.

அதன்பின் அவர் வகுப்புக்கு வரவில்லை. மறுபடி துளைக்கப் போகிறார் என்று கேள்விப்பட்டாள். எல்லாரும்தான் போகிறார்கள் என்று விட்டுவிட்டாள். அவர் வீடு ஆஸ்பத்திரியிலிருந்து மூன்று தெரு தள்ளித்தான். ஒரு நாளும் போய்ப் பார்க்கவில்லை.

பதினாலு மாதம் கழித்து, அந்த ஊருக்குக் குளிர்காலமான ஆகஸ்டில் ஒரு காலையில், நிக்கொலாசா அவரைத் தோளில் தாங்கி அழைத்துவந்தாள். வாசலிலிருந்து நாற்காலிக்கு முப்பது அடி. அதற்குள் நான்கு முறை நின்றார். செனோபியா கடிகாரத்தைப் பார்த்து மூச்சை எண்ணினாள். நிமிடத்துக்கு முப்பத்திரண்டு. கழுத்து நரம்புகள் ஒவ்வொரு மூச்சுக்கும் கயிறாக இழுத்தன. விலா இடுக்குகள் குழிந்தன. நகம் நீலம், உதடும் நீலம். மூன்று சொல்லுக்கு மேல் அவரால் சேர்ந்தாற்போல் பேச முடியவில்லை.

ஊதினார். முடிந்த மட்டும் உண்மையாக ஊதினார். இருபத்தெட்டு.

"கீழ... வந்துட்டேனா?"

"வந்துட்டீங்க."

அவர் கட்டைவிரலை உயர்த்தி மனைவியிடம் காட்டினார். செனோபியா நிக்கொலாசாவைக் கதவுக்கு வெளியே இழுத்துக்கொண்டு போனாள்.

"எப்படி இவ்வளவு சீக்கிரம்? முகமூடி போடலையா?"

"முத நாளே அவுத்து எங்கிட்ட குடுத்துட்டார். துளைக்கிறப்ப தண்ணியும் விடல. தண்ணி விட்டா தூசி அடங்கிருமாம். நீங்கதான் சொன்னீங்களாம், மோசமானாத்தான் வரணும்னு."

"நான் அந்த அர்த்தத்துலயா சொன்னேன்?"

நிக்கொலாசா அவளை மேலும் கீழும் பார்த்தாள். "வேற எந்த அர்த்தத்துல சொன்னீங்க?"

செனோபியா அன்று சொன்னதற்கு வேறு எந்த அர்த்தமும் இருந்ததில்லை.

ஓய்வூதியம் வந்துசேர இரண்டு மாதம் ஆனது. அதற்குள் அவர் படுக்கையை விட்டு எழுவது நின்றுவிட்டது. செனோபியா வாராவாரம் போனாள். தலையணையை எப்படி அடுக்குவது, மேசைமேல் கைகளை ஊன்றி எப்படிச் சாய்ந்து உட்கார வைப்பது, சூப்பைக் கொஞ்சம் கொஞ்சமாக எப்படி ஊட்டுவது என்று நிக்கொலாசாவுக்குச் சொல்லிக்கொடுத்தாள். நிக்கொலாசா எல்லாவற்றையும் சரியாகச் செய்தாள். எதையும் திருப்பிச் சொல்லவில்லை. செனோபியா கேட்கவும் இல்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை வகுப்பில் ஆறு பேர் இருந்தார்கள். ரோக்கே என்பவன் கையைத் தூக்கினான். இருபத்தொன்பது வயது, துளை போடுகிறவன், இரண்டு பிள்ளைகள்.

"நர்ஸம்மா, ஒரு சந்தேகம். முகமூடி இல்லாம, தண்ணி விடாம துளைச்சா, ஐம்பதுக்குக் கீழ வர எத்தனை மாசம் ஆகும்? பெரியவர் காசிமிரோ பதினாலுன்னு சொன்னார். அவருக்கு வயசாயிருச்சு. எனக்கு எவ்வளவு ஆகும்?"

ஒருவரும் சிரிக்கவில்லை. ஆறு பேரும் பதிலுக்குக் காத்திருந்தார்கள். ஒருவன் பென்சிலை எடுத்து வைத்திருந்தான்.

"வெளிய போங்க" என்றாள் செனோபியா. "எல்லாரும் வெளிய போங்க!"

மேல்கோட்டைக்கூடப் போடாமல் காசிமிரோ வீட்டுக்கு ஓட்டமும் நடையுமாகப் போனாள். என்ன திட்டவேண்டும் என்று வழியெல்லாம் வாய்க்குள் அடுக்கிக்கொண்டே போனாள்.

அவர் நான்கு தலையணைகளில் சாய்ந்திருந்தார். அவளைக் கண்டதும் முகம் மலர்ந்தது. உதட்டைக் குவித்து, மெதுவாக ஊதிக் காட்டினார். ஒழுங்காகத்தான் செய்தார். ஆனால் உள்ளே போவதற்கு இடமில்லாமல் காற்று தொண்டையிலேயே திரும்பியது.

"பசங்க... வந்தாங்க. வகுப்பு... எடுத்தேன்." நடுவில் நெடுநேரம் மூச்சு வாங்கினார். "நல்லா... சொல்லிக் குடுத்தேனா?"

அவள் அவர் நகத்தைப் பார்த்தாள். மூச்சை எண்ணினாள். முப்பத்தெட்டு. சரிந்திருந்த தலையணையை நிமிர்த்தி வைத்தாள். அடுப்படியிலிருந்து நிக்கொலாசா பார்த்துக்கொண்டு நின்றாள்.

"நல்லா சொல்லிக் குடுத்தீங்க" என்றாள் செனோபியா.

வியாழக்கிழமை விடியும்போது அவர் இறந்தார். அடக்கத்துக்கு பாண்டு வந்து வாசித்தது. அந்தப் பெரிய குழலை வேறு யாரோ ஊதினார்கள். 

திங்கட்கிழமை வேலைக்குப் போகும் வழியில் சுரங்க வாசலில் ரோக்கேயைப் பார்த்தாள். பசியும் களைப்பும் தெரியாமலிருக்க மெல்லும் கோகா இலையை வாய்நிறைய அடக்கிக்கொண்டு கூட்டாளிகளோடு ஏதோ பேசிச் சிரித்துக்கொண்டிருந்தான். முகமூடி இல்லை. கழுத்திலும் தொங்கவில்லை.

"ரோக்கே!" என்று கத்தினாள். "அது எங்க?"

"வீட்டுல இருக்கு நர்ஸம்மா" என்று மரியாதையாகக் கையசைத்துவிட்டு உள்ளே போனான்.