கரிப்பொட்டு வைத்த முட்டைகள்

ஜீப் ஹாரன் அலறிய அலறலில் மரியசெல்வம் துள்ளி எழுந்தான். மதியக் கஞ்சி குடித்த கையோடு வேலியோர நிழலில் கண்ணசந்தவன். அவன் மனைவி ஜெபமாலை எப்போதும்போலக் குழிமேல் மணலைத் துடைப்பத்தால் பெருக்கிக்கொண்டிருந்தாள்.

“ஆபீசர் வாராக! என் சட்டைய எடு புள்ள!”

இரண்டு மாதத்துக்கு முன்பு குந்துகால் கரையில் கிடைத்த கடலாமை முட்டைகளை ஆபீசர் ஹமீது சுல்தான்தான் இந்தக் குழியில் தன் கையால் அடுக்கினார். ஒவ்வொன்றின் உச்சியிலும் கரியால் ஒரு பொட்டு. “பொட்டு மேல பாத்தே இருக்கணும். முட்டை புரண்டா உள்ள குஞ்சு செத்துரும்” என்று மரியசெல்வத்திடம் சொல்லியிருந்தார். வேலைச் சங்கதியை வீட்டில் பேசும் பழக்கம் அவனுக்குக் கிடையாது.

குஞ்சு பொரித்தால் காவல்காரன் வேலை நிரந்தரம். இல்லாவிட்டால் மறுபடி வள்ளம்தான். அவன் அண்ணன் சவேரியாரை விழுங்கிய கடலுக்கு இனிப் புருஷனை அனுப்புவதில்லை என்று ஜெபமாலை மாதா முன்னால் சத்தியம் செய்திருந்தாள்.

ஆபீசர் வந்ததும் வராததுமாகக் குழியருகே மண்டியிட்டார்.

“இன்னையோட அறுபது நாளாச்சுப்பா. தோண்டிப் பாத்துட்டு, ஒண்ணுமில்லைன்னா மூடிடுன்னு மெட்ராஸ்லேருந்து கடுதாசி வந்திருச்சு.”

மணலை விலக்கி முதல் முட்டையை எடுத்தார். பொட்டு அடியில் இருந்தது. அடுத்ததில் பக்கவாட்டில். மூன்றாவதைப் பிளந்தார். குப்பென்று நாற்றம் அடித்தது.

“யாரு கை வச்சது?”

“அந்தோணியார் மேல ஆணை சார், நான் தொடவே இல்ல!”

“அப்ப முட்டை தானாவே குட்டிக்கரணம் போட்டுச்சாக்கும்?”

ஜெபமாலையின் கையிலிருந்து துடைப்பம் நழுவி விழுந்தது. மரியசெல்வம் அதைக் கவனிக்கவில்லை. அவன் கண்ணெல்லாம் ஆபீசரின் வாயில் இருந்தது.

“நாளையிலேருந்து வர வேண்டாம். குழிய மூடு.”

ஆபீசர் கையைத் தட்டிக்கொண்டு ஜீப்பை நோக்கி நடந்தார். வேலிக்கு அப்பால் அலை வந்து வந்து மோதியது. குழியை மூட மரியசெல்வம் குனிந்து, அதன் விளிம்பிலிருந்து இரண்டு கையாலும் மணலை அள்ளினான்.

அள்ளிய இடம் பொலபொலவென்று உள்வாங்கியது. எலிவளையோ என்று கையை இழுத்தான். மணலுக்குள்ளிருந்து புளியங்கொட்டை அளவில் ஒரு கறுப்புத் தலை எட்டிப் பார்த்தது. அதை முட்டித் தள்ளிக்கொண்டு இன்னொன்று.

“சார்! ஓடியாங்க சார்!”

ஆபீசர் ஓடிவந்து குப்புறப் படுத்தார். தோள்வரை கையை விட்டு, கூழாய்ப் போன மேல் முட்டைகளை வாரி எறிந்தார். அடியிலிருந்து குஞ்சுகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி வந்தன. பத்து, இருபது, நாற்பது!

“யா அல்லாஹ்! பொரிச்சிருச்சுப்பா! வேலை உனக்குத்தான், போ!”

மரியசெல்வத்துக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. ஆபீசர் மட்டும் அடியில் இன்னும் பொரியாமல் கிடந்த ஒரு முட்டையை உற்றுப் பார்த்தார். பொட்டு உச்சியில், வைத்தது வைத்தபடி.

“மேல உள்ளது பூரா புரண்டு கிடக்கு. அடியில உள்ளது அசையவே இல்ல. அது எப்படி?”

ஜெபமாலை முந்தானையால் வாயைப் பொத்தியபடி முன்னால் வந்தாள்.

“அடைக்கோழி புரட்டுற மாதிரி, இவுக தூங்குற நேரமாப் பாத்து தெனம் நாந்தேன் புரட்டிவிட்டேன் சார்… அடியில உள்ளதுக்கு என் கை எட்டல.”