நாலு விரல் நீளம்

டாக்டர் மாடியிலிருந்து இறங்கி வந்து, செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னார். "இதயம் ரொம்பப் பலவீனமா இருக்கும்மா. ரெண்டு மாசம். கூடப்போனா மூணு. பார்க்க வேண்டியவங்களை வரச்சொல்லிடுங்க."

பார்க்க வேண்டியவன் பத்தடி தள்ளி, கீழ் அறையில்தான் உட்கார்ந்திருந்தான். என் அண்ணன். அம்மா மாடியில், அவன் கீழே, நடுவில் பதினான்கு படி. ஒன்றேகால் வருஷமாக இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. அதற்குக் காரணம் நான். இதைச் சுற்றி வளைத்துச் சொல்ல எனக்குத் தெரியாது.

அண்ணன் உயரமான கட்டடங்களுக்குப் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தவன். சாரம் சரிந்து விழுந்ததில் இடுப்புக்குக் கீழே உணர்ச்சி போய்விட்டது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்றே அம்மாவைப் பார்க்க வேண்டும் என்று அடம்பிடித்தான். அம்மா அதற்கு முன்பே மாடிக் கட்டிலோடு கிடந்தவள், அவளை அசைக்கக்கூடாது. ஆகவே கூட வேலை செய்கிற நான்கு பேர் அவனை நாற்காலியோடு தூக்கினார்கள். ஏழாவது படியில் ஒரு சின்ன மேடை, அங்கே மாடிப்படி திரும்பும். அந்தத் திருப்பத்தில் நாற்காலி சிக்கிக்கொண்டது. மேலே ஒருவன் இழுக்க, கீழே ஒருவன் தள்ள, முதுகில் தையல் காயாத அண்ணன் அலறினான்.

மாடியில் அம்மாவுக்கு அந்த அலறல் கேட்டது. "ஐயோ, என் பிள்ளையை இப்படி வதைச்சுத்தான் நான் பார்க்கணுமா? வேண்டாம், கீழே கொண்டு போங்க, என்னால பார்க்க முடியல" என்று அழுதாள். இருந்த கூச்சலில் அது என் காதில் மட்டும்தான் விழுந்தது. நான் மேடைக்கு மேலே நின்றிருந்தேன். எல்லார் மேலும் எனக்கு எரிச்சல். திரும்பிக் கத்தினேன்: "அம்மாவுக்குப் பார்க்க வேண்டாமாம்! இறக்குங்க!"

அவ்வளவுதான். இறக்கிவிட்டார்கள்.

"அம்மா கூப்பிடட்டும், வரேன். அதுவரைக்கும் என்னை யாரும் தூக்க வேண்டாம்" என்றான் மறுநாள். அம்மா உண்மையில் என்ன சொன்னாள் என்று நூறு தடவை சொல்லிப் பார்த்துவிட்டேன். "இப்ப வந்து சமாளிக்காதே" என்பான். மாடிக்கு ஓடி, "ஒரு வார்த்தை கூப்பிடேன்மா" என்றால், "என்னாலதானே அவன் அப்படி அலறினான்? எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டு மறுபடி வான்னு கூப்பிடுவேன்?" என்று சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வாள். போனில் முகம் பார்க்கலாம் என்று நீட்டினேன். இருவருமே கையால் தள்ளிவிட்டார்கள். எங்கள் வீட்டில் எதற்குப் பஞ்சம் வந்தாலும் ரோஷத்துக்கு மட்டும் பஞ்சமே கிடையாது. எனக்கும் சரி, அவனுக்கும் சரி, கல்யாணம் கைகூடாததற்கு அம்மா சொல்கிற காரணமும் அதுதான்.

டாக்டர் சொன்னதை அன்று சாயங்காலமே அவனிடம் அப்படியே சொன்னேன், ஒரு எழுத்துக் குறைக்காமல். அவன் மடியில் இருந்த பொம்மை வண்டியின் சக்கரத்தை விரலால் உருட்டிக்கொண்டிருந்தான்.

அந்த வண்டி ரிமோட்டில் ஓடுகிற மான்ஸ்டர் டிரக். உடம்பு சின்னது, சக்கரம் ஒவ்வொன்றும் என் கையை விரித்து வைத்தால் அளவாக இருக்கும். முன்பெல்லாம் லீவு நாளில் காலி மைதானத்தில் அதை மண்மேட்டிலிருந்து பறக்கவிடுவான். நாற்பது வயசுக்கு மேலே பொம்மை வண்டியா என்று அம்மா கேலி செய்வாள். அதற்கு 'எருமை' என்று பேர் வைத்ததும் அவள்தான். இப்போது எருமைதான் வாசலுக்குப் போய் அவனுக்குப் பேப்பர் இழுத்துக்கொண்டு வரும்.

மறுநாள் காலை மாடிப்படியில் 'டப்' என்று சத்தம். போய்ப் பார்த்தேன். கீழ்ப்படிக்கு எதிரே சக்கர நாற்காலியில் அண்ணன், கையில் ரிமோட். மூன்றாவது படியில் எருமை மல்லாந்து கிடந்து சக்கரத்தைச் சுற்றிக்கொண்டிருந்தது.

"என்ன பண்றே?"

"சும்மா."

"மாடிப்படியிலயா சும்மா?"

"இதுக்கு எவ்வளவு தெம்பு இருக்குன்னு பார்க்கிறேன். உனக்கு வேலைக்கு நேரமாகல?"

எனக்குப் புரிந்துவிட்டது. எப்போதும் முந்திக்கொள்கிற என் வாய் அன்று நல்லவேளையாகச் சும்மா இருந்தது.

பழைய வீடு, படிகள் உயரம் குறைந்தவைதான். ஆனாலும் நான்கு நாள் முயன்றும் மூன்றாவது படியைத் தாண்டவில்லை. முன்சக்கரம் படியைப் பிடித்ததும் மூக்கைத் தூக்கி அப்படியே பின்னால் கவிழும். ஐந்தாம் நாள் கவிழ்ந்தபோது அடிச்சட்டம் குறுக்கே விரிசல் விட்டது. அதுதான் சேஸி. மோட்டார், பேட்டரி, சக்கரம் எல்லாம் அதன்மேல்தான் உட்கார்ந்திருக்கும்.

"குட்டை வண்டி. அதான் நிமிர்ந்துக்குது" என்றான். "வேற ஒருத்தன் இதுக்குன்னே அலுமினியத்துல சேஸி செஞ்சு விக்கிறான். நாலு விரல் நீளம் அதிகம். அதைப் போட்டா கவிழாது."

"வாங்கு" என்றேன். அவன் ஆச்சரியமாகப் பார்த்தான். நான் எதற்கும் இப்படி உடனே தலையாட்டினதில்லை.

பார்சல் வந்த ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு மேஜையில் பழைய துணியை விரித்து உட்கார்ந்தோம். சாரத்திலிருந்து விழுந்ததில் அவன் வலது மணிக்கட்டும் முறிந்து உள்ளே கம்பி வைத்திருக்கிறது. ரிமோட் பிடிக்கலாம், திருகு முடுக்க முடியாது. நான் துணி தைக்கிற கம்பெனியில் மெக்கானிக், நூற்றிருபது தையல் மெஷினுக்கு நான்தான் வைத்தியச்சி. எனவே திருகு எல்லாம் என் கையில், அதிகாரம் எல்லாம் அவன் வாயில்.

பழைய சட்டத்திலிருந்து ஒவ்வொன்றாகக் கழற்றிப் புதியதில் ஏற்ற வேண்டும். சட்டம் நீண்டதால் மோட்டாருக்குப் போகிற ஒயர் எட்டவில்லை, ஒட்டுப்போட்டுப் பற்றவைத்தேன். நடுவில் சுற்றுகிற தண்டு மட்டும் நீளமாக ஒன்று பார்சலிலேயே வந்திருந்தது. திருகு கழலாமல் பிடிக்கிற நீலப் பசையை எடுத்தேன்.

"ஏய், அதைத் தொடாதே. அது பட்டா சட்டம் வெடிக்கும்."

"அது பிளாஸ்டிக்குக்கு. இது உலோகம். பசை இல்லாட்டி நடுக்கத்துல திருகு தானா கழண்டுடும். தினமும் மெஷின்ல பார்க்கிறேன்."

"பத்து வருஷமா வண்டி ஓட்டறது நானா நீயா?"

"சரி, உன் இஷ்டம்" என்று பசையை மூடி வைத்தேன். அன்று மாலை ஆறாவது படி வரைக்கும் எருமை கம்பீரமாக ஏறியது. ஏழாவதில் பின்சக்கரம் ஒன்று தனியாகக் கழன்று கீழே குதித்து வந்தது. அவன் என்னைப் பார்க்காமல், "அந்தப் பசை எங்க?" என்றான். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வெகுநாளைக்குப் பிறகு அவனும் சிரித்தான்.

வண்டி இனி மூக்கைத் தூக்கவே கூடாது என்று, அவன் பெயின்டுக்கு முன்னால் சுவருக்குப் பட்டி பூசுகிற இரும்புத் தகட்டை முன்பக்கம் கனத்துக்குக் கட்டச் சொன்னான். காய்ந்த பெயின்டோடு அப்படியே கட்டினேன். மேடை வரைக்கும் ஏறிவிட்டது, மேடையில் முன்னும் பின்னும் போய்த் திரும்பியும் விட்டது. அதற்கு மேல் உள்ள ஏழு படியும் கீழே இருக்கிற அவன் கண்ணுக்குத் தெரியாது.

"நீ மேல நின்னு சொல்லு. நான் ஓட்டறேன்."

மேல்படியில் போய் நின்றேன். எனக்குப் பின்னால் நாலடி தள்ளி அம்மாவின் கட்டில், படியைப் பார்த்தபடி.

"என்னடி சத்தம் இத்தனை நாளா?"

"உன் பிள்ளையோட எருமைதான். மாடி ஏறுதாம்."

அம்மா, "தலையணையை உயர்த்தி வை" என்றாள்.

எருமை மேடையைத் தாண்டியதும் நான் "இடது! இடது!" என்று கத்தினேன். வண்டி கைப்பிடிக் கம்பிப் பக்கம் போய் முட்டி, உருண்டு மேடையில் விழுந்தது.

"இடதுன்னா யார் இடது? உன்னோடதா, வண்டியோடதா?" கீழேயிருந்து கத்தினான்.

"நான் இந்தப் பக்கம் பார்த்து நிக்கிறேன், எனக்கு எது இடதோ அதைத்தானே சொல்வேன்!"

"எதையாவது ஒழுங்காச் சொல்லியிருக்கியா நீ? அன்னிக்கும் அங்கதானே நின்னே!"

சுரீர் என்றது. வேறு யார் சொல்லியிருந்தாலும் உண்டு இல்லை என்று ஆக்கியிருப்பேன். பேசாமல் இறங்கிப் போய் வண்டியை எடுத்துக் கீழே வைத்துவிட்டு, கொல்லைப்பக்கம் போய் அழுதேன். அழுததைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

அதற்குப் பிறகு இரண்டு வாரம் அவனும் வண்டியைத் தொடவில்லை, நானும் கேட்கவில்லை. அம்மாவுக்குக் கால் வீங்கத் தொடங்கியது. ஒருநாள் மாத்திரை கொடுக்கும்போது அவளே கேட்டாள். "எருமை ஏன் வரல?"

கீழே போய், "அம்மா கேட்கிறா, எருமை ஏன் வரலன்னு" என்றேன். அவன் என் முகத்தையே பார்த்தான். இதையும் நான் மாற்றிச் சொல்கிறேனோ என்று பார்த்திருப்பான். பிறகு பேட்டரியை எடுத்துச் சார்ஜில் போட்டான்.

மறுநாள் காலை பத்து மணி. நான் மேல்படியில் நின்றேன். எருமை முதல் ஏழு படியை உறுமிக்கொண்டே ஏறி, மேடையில் திரும்பி, எட்டாவது படியில் முன்சக்கரத்தை வைத்தது. நான் வாயைத் திறந்தேன்.

"நீ நகரு. மறைக்கிறே" என்றாள் அம்மா.

நகர்ந்தேன்.

"சுவர்ப் பக்கம் ஒதுங்குது. கம்பிப் பக்கம் கொஞ்சம் திருப்பு."

பல நாளாகத் தண்ணீர் கேட்பதற்கு மட்டுமே எழும்பின குரல். ஆனால் எங்கள் வீட்டில் கீழ்ப்படிக்கு எதிரே இருப்பவனுக்கு மேலே முணுமுணுத்தாலும் கேட்கும். சக்கரச் சத்தம் நின்றுவிட்டது. பேட்டரி தீர்ந்துவிட்டதோ என்று நினைத்தேன். அப்புறம் முன்சக்கரம் இரண்டும் மெதுவாகக் கம்பிப் பக்கம் திரும்பின.

"அப்படித்தான். இப்ப நேரா வா."

ஒரு படி.

"வா. இன்னொண்ணு. அவசரப்படாதே. சுவர்ப் பக்கம் துளி. ம், வா."

நான் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு நின்றேன். அவள் சொன்ன எதையும் நான் திருப்பிச் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமே இல்லை. ஒன்பது, பத்து, பதினொன்று.

"வா, மேல வா. மேல வாடா."

பதினான்காவது படியில் நின்றுபோனது. முன்சக்கரங்கள் அந்தரத்தில் சுற்றின, பின்சக்கரங்களும் படியைத் தொடவில்லை. வண்டியின் வயிறு படி விளிம்பில் உட்கார்ந்துவிட்டது. கவிழாமல் காப்பாற்றின அதே நாலு விரல் நீளம் இப்போது மாட்டிவிட்டது. தூக்கிவிடக் குனிந்தேன்.

"தொடாதே!"

அம்மா கட்டில் தலைமாட்டில் தொங்கின கைத்தடியை எடுத்தாள். அவள் அதைத் தொட்டே பல மாசம். நான் ஓடிப்போய் இடுப்பைப் பிடித்துக்கொண்டேன். எலும்புதான் கைக்குத் தட்டுப்பட்டது. கட்டிலுக்கு வெளியே சாய்ந்து, தடியின் வளைவை வண்டியின் முன்கம்பியில் மாட்டி இழுத்தாள். நழுவியது. மறுபடி மாட்டி, பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தாள். பின்சக்கரம் விளிம்பைப் பிடித்தது. எருமை ஒரே தாவலாக வந்து கட்டில் காலில் முட்டி நின்றது.

எடுத்து அவள் மடியில் வைத்தேன். அம்மாவுக்கு மூச்சு வாங்கியது. முன்னால் கட்டியிருந்த தகட்டைத் தடவினாள்.

"இது அவன் பட்டித் தகடுதானே?"

"ஆமாம்மா. கனத்துக்குக் கட்டினோம்."

காய்ந்த பெயின்டை நகத்தால் கொஞ்ச நேரம் சுரண்டிக்கொண்டிருந்தாள். கண்ணிலிருந்து நீர் வழிந்ததைத் துடைக்கவில்லை.

"வந்துடுச்சா?" கீழேயிருந்து அண்ணன் குரல்.

நான் அம்மாவைப் பார்த்தேன்.

"வண்டி வந்துடுச்சு" என்றாள் அம்மா. "நீ ஏண்டா இன்னும் கீழயே உட்கார்ந்திருக்கே?"

அண்ணன் என்னைக் கூப்பிட்டான். "ஏய், அந்த நாலு பேருக்கும் போன் போடு."

"அண்ணா, திருப்பத்துல சிக்கும். வலிக்கும்."

"தெரியும். இந்தத் தடவை அலறமாட்டேன்னு அம்மாகிட்ட சொல்லு."

"நான் சொல்லமாட்டேன்" என்றேன். "நீயே சொல்லு."

சக்கர நாற்காலி கீழ்ப்படியில் வந்து இடிக்கிற சத்தம் கேட்டது.

"அம்மா... நான் அலறமாட்டேன்மா."

"அலறினா அலறுடா" என்றாள் அம்மா. "நான் கேட்டுக்கறேன். நீ வா."