வெளிறிய செங்கல்

எங்கள் மலை ஊரான ஹமதானில் குளிர் புரட்டாசி முடியும் முன்பே வந்துவிடும். வீடு கட்டுகிறவர்கள் அந்தச் சமயத்தில்தான் கூடத்தில் நெருப்பு மூட்டும் கணப்பைப் பற்றி நினைப்பார்கள். என் செங்கல் கடைக்கு அது அறுவடைக் காலம். ஆட்களைச் சிரிக்க வைத்துச் சரக்கு விற்பது என் வழக்கம். "எஸ்கந்தர் கடைக்குப் போனால் கல்லோடு கதையும் ஏற்றி அனுப்புவான்" என்பார்கள். அந்த வாயால் ஒருநாள் நான் பட்டதைத்தான் சொல்லப்போகிறேன்.

மத்தியானம் ஒரு தம்பதி வந்தார்கள். புருஷன் பெயர் கியூமர்ஸ். லாரி ஓட்டுகிறவர், அகலமான தோள், நாற்பது வயதிருக்கும். மனைவி ஷிலான். குர்துப் பக்கத்துப் பேச்சு. கியூமர்ஸ்தான் பேசினார்.

"புது வீடு, தம்பி. இரும்புச் சட்டம், பலகைச் சுவர். கூடத்துல ஒரு கணப்பு மட்டும் செங்கல்ல வேணும். நல்ல சிவப்பாக் காட்டு."

நான் சிவப்பு, மஞ்சள், புகைக் கறுப்பு எல்லாவற்றையும் பலகைமேல் வரிசையாக வைத்தேன். அந்த அம்மா நிறத்தைப் பார்க்கவே இல்லை. ஒவ்வொரு கல்லாகக் கையில் எடுத்து எடை பார்த்துக் கீழே வைத்தார். எனக்கு வாய் சும்மா இருக்குமா?

"அக்கா, இது தர்பூசணி இல்ல. கனமா இருந்தா இனிக்கும்னு சொல்ல முடியாது!"

கியூமர்ஸ் சிரிப்பது போல் உதட்டை அசைத்தார். ஷிலான் நிமிரவில்லை.

சரி, இவர்கள் வசதியான ஆட்கள் போல, விலை உயர்ந்ததைக் காட்டுவோம் என்று கொட்டகைக்குப் பின்னால் கூட்டிப்போனேன். அங்கே பழைய கல் அடுக்கியிருந்தது. இடித்த வீடுகளின் கல்லைச் சுத்தம் பண்ணி விற்பது இப்போது பெரிய மோகம். காபிக் கடை, பணக்கார வீடு எல்லாம் அதைத்தான் கேட்கும்.

"இது எந்த வீட்டோடது?" என்றார் ஷிலான். அவர் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

"ஒரு வீடா? எத்தனையோ வீடு, அக்கா. அஞ்சு வருஷம் முன்னாடி எல்லைப் பக்கம் பூமி ஆடுச்சே, அங்கேருந்து வந்த லோடு. ஒரு தடவை ஆடி விழுந்து பழகின கல்லு. இனிமே உங்க வீட்டுல அசையவே அசையாது!"

நானே சிரித்தேன். வேறு யாரும் சிரிக்கவில்லை.

ஷிலான் அடுக்கின் பக்கத்தில் மெல்ல உட்கார்ந்தார். மேலே இருந்த ஒரு கல்லைத் திருப்பினார். அதன் ஒரு முகத்தில் யார் வீட்டுச் சுவரிலோ பூசிய பச்சை நிறச் சுண்ணாம்பு ஒட்டியிருந்தது. அடுத்ததைத் திருப்பினார், அதில் நீலம். கியூமர்ஸ் என் முழங்கையைப் பிடித்து வாசலுக்கு இழுத்து வந்தார்.

"எங்க ஊரு அது," என்றார்.

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"ஹானான்னு ஒரே பொண்ணு. ஏழு வயசு. இவ துணி எடுக்க முற்றத்துக்குப் போயிருக்கா, உள்ள இருந்த பொண்ணு மேல சுவர் விழுந்துடுச்சு. நான் அன்னிக்கு லோடோட பந்தர் துறைமுகத்துல இருந்தேன். ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால. இவ வெறுங்கையால தோண்டியிருக்கா. நகமெல்லாம் போயிடுச்சு. நான் வந்து சேர்ந்தப்போ மண்ணு போட்டு முடிச்சாச்சு."

செய்தி வாசிப்பது போல, குரல் ஏறாமல் இறங்காமல் சொன்னார்.

"அதுலேருந்து கூரைக்குக் கீழ தூங்க மாட்டா. இங்கே என் அண்ணன் வீட்டுக்கு வந்தும் முற்றத்துல கூடாரம்தான். பனியிலயும் அதுலதான். கூடார வாசல்ல விறகு மூட்டிட்டு அதையே பாத்துட்டு உக்காந்திருப்பா. அந்த முற்றத்து ஓரமாவே, சுத்தி ஒண்ணும் கனமா இல்லாத வீடாக் கட்டினேன். அப்படியும் வரல. நெருப்பு உள்ள வந்தா அவளும் உள்ள வருவாளோன்னுதான்..." அவர் திரும்பிக் கொட்டகைப் பக்கம் பார்த்தார். "கொத்தன் செங்கல் இல்லாம முடியாதுங்கிறான். என்ன செய்ய?"

எனக்கு என் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. திரும்பிப் போய், "அக்கா, மன்னிச்சுடுங்க, தெரியாமச் சொல்லிட்டேன்" என்றேன்.

"உனக்கு எப்படித் தெரியும்?" என்றார். திருப்பிய கற்களை முன்பிருந்தபடியே வைத்துவிட்டு எழுந்தார். "வேற ஏதாவது லேசானது இருக்கா?"

ஒட்டுக்கல் இருந்தது. விரல் கனம்தான், பலகைமேல் பசை தடவி ஒட்டுவது. பார்ப்பதற்கு முழுச் செங்கல் போலவே இருக்கும். ஒன்றை எடுத்துக் கொடுத்தேன். கையில் எடை பார்த்தார். பிறகு இடது கையை என் மேஜைமேல் விரித்து வைத்து, வலது கையால் அந்தக் கல்லைத் தலைக்கு மேல் உயர்த்தினார்.

"ஷிலான் கண்ணு, வேண்டாம்," என்றார் கியூமர்ஸ்.

ஷிலான் கல்லை விட்டுவிட்டார். கல் புறங்கையில் விழுந்து கீழே உருண்டது. தோல் சிவந்தது, அவ்வளவுதான். விரல்களை மடக்கி நீட்டிப் பார்த்தார். அந்த விரல்களில் இரண்டுக்கு நகம் சரியாக வளரவில்லை.

"இது போதும்," என்றார்.

நெருப்பு எரியும் குழிக்குள் மட்டும் நெருப்புச் செங்கல் வைத்தே ஆக வேண்டும் என்று சொன்னேன். "முழங்காலுக்கு மேல வராதுல்ல?" என்று கேட்டார். வராது என்றேன். சம்மதித்தார்.

"நிறம்? சிவப்புதானே?" என்றார் கியூமர்ஸ்.

"சிவப்பு வேண்டாம். எம் பொண்ணு தலைமுடி பூரா அந்தப் பொடிதான் இருந்தது." ஷிலான் பலகையின் ஓரத்தில் இருந்த, யாரும் வாங்காத வெளிறிய கல்லைத் தொட்டார். "இது. கல்லுக்கு நடுவுல இருக்கிற சந்துக்கும் இதே நிறம் பூசச் சொல்லுங்க. மயிர் அளவு விரிசல் விட்டாலும் எனக்குத் தெரியணும்."

அந்தக் கல்லுக்கு நான் லாபம் வைக்கவில்லை. நானே வண்டியில் கொண்டுபோய் இறக்கினேன். கொத்தனார் வேலை செய்த ஆறு நாளும் ஷிலான் பக்கத்திலேயே நின்று ஒவ்வொரு கல்லையும் அழுத்திப் பார்த்தாராம். கொத்தனார் என்னிடம் புலம்பினார்: "என் மாமியார்கூட இப்படி என்னைச் சோதிச்சதில்லப்பா."

முதல் பனி விழுந்தபின் கியூமர்ஸ் கடைக்கு வந்தார், ஒரு பெட்டி நிறைய இனிப்போடு. ஷிலான் கணப்பின் முன் சாயங்காலம் முழுக்க உட்காருகிறாராம். தினமும் சந்துகளை விரலால் தடவிப் பார்த்துவிட்டுத்தான் நெருப்பு மூட்டுகிறாராம். மூன்றாம் வாரம், உட்கார்ந்தபடியே அங்கேயே தூங்கிவிட்டாராம். "போர்வை போத்தக்கூட பயமா இருந்தது, முழிச்சிடுவாளோன்னு," என்று சொல்லும்போது அவர் கண் பளபளத்தது.

தை மாதம் ஒரு சாயங்காலம் பூமி லேசாக ஆடியது. என் கடையில் தேநீர்க் கோப்பைகள் கிணுகிணுத்தன, அவ்வளவுதான். ஆனால் எனக்கு அவர்கள் நினைப்புதான் வந்தது. கடையைப் பூட்டிவிட்டு நேரே அவர்கள் வீட்டுக்குப் போனேன்.

கதவைத் திறந்தது ஷிலான். கூடம் வெதுவெதுப்பாக இருந்தது. நான் கணப்பைப் பார்ப்பதைக் கவனித்து, "ஒண்ணும் ஆகல. விளக்கு வச்சுப் பாத்தேன். ஒரு கோடுகூட இல்ல," என்றார்.

"கியூமர்ஸ் அண்ணன் எங்கே?"

அவர் ஜன்னல் பக்கம் தலையை அசைத்தார். முற்றத்துக் கூடாரத்தின் வாசலில், கம்பளியைப் போர்த்திக்கொண்டு கியூமர்ஸ் உட்கார்ந்திருந்தார்.

"ஆடினதும் நான் இங்கேயே நின்னு கல்லைத்தான் பாத்தேன். திரும்பினா இவரைக் காணோம். பனியில செருப்பில்லாம ஓடியிருக்கார். முற்றத்து நடுவுல நின்னு 'ஹானா, ஹானா'ன்னு கூப்பிட்டுட்டு இருந்தார்." ஷிலான் தலைத்துணியின் நுனியை இழுத்து வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு சொன்னார்: "அஞ்சு வருஷமா என் முன்னாடி அந்தப் பேரை அவர் சொன்னதே இல்ல, தம்பி. சுவர் விழுந்த அன்னிக்கு நான் கூப்பிட்ட மாதிரியே கூப்பிட்டார். அப்புறம் உள்ள வரவே இல்ல."

நான் வெளியே போய் கியூமர்ஸ் பக்கத்தில் உட்கார்ந்தேன். கம்பளியில் பனி படிந்திருந்தது.

"கல்லு நல்லா நிக்குது, தம்பி," என்றார் அவரே. "உன்மேல குறை இல்ல."

ஷிலான் அவருடைய பூட்சையும் இரண்டு டம்ளர் தேநீரையும் எடுத்துக்கொண்டு பனியில் நடந்து வந்தார். குனிந்து அவர் காலில் பூட்சை மாட்டிவிட்டார்.

"உள்ள வாங்க. நெருப்பு நல்லா எரியுது."

"வர்றேன். நீ போ."

ஷிலான் போகவில்லை. எனக்கு ஒரு டம்ளரைக் கொடுத்துவிட்டு, கம்பளியின் ஒரு நுனியைத் தூக்கிப் புருஷன் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.