காப்பு கட்டிய மறுநாள்

வெள்ளிக்கிழமை தீவை விட்டுக் கரைக்குப் போகலாம் என்றுதான் கணவன் இளவழகன் சொல்லியிருந்தான். அதற்கு முந்தைய வெள்ளிக்கிழமையும் அப்படித்தான் சொன்னான். முதலில் மோட்டார் ரிப்பேர் என்றான். பிறகு வலையில் இறால் நன்றாகப் படுகிறது, இப்போது விட்டால் கிடைக்காது என்றான். ஒவ்வொரு தடவையும் நந்தினி பையைக் கட்டி வைத்தாள், பிறகு அவிழ்த்தாள்.

பையில் பழைய பருத்திப் புடவையைக் கிழித்து வெந்நீரில் அலசிக் காயவைத்த துணிகள் இருந்தன. ஒரு கொசுவலைக் குடை, இரண்டு நைட்டி, போர்வை. போன தடவை மாமியார் கஸ்தூரியம்மாள் சேர்த்து வைத்த துணியெல்லாம் அந்தக் குழந்தையோடு போய்விட்டது. இந்தத் தடவை வீட்டில் யாரும் எதையும் சேர்த்து வைக்கவில்லை. குழந்தை என்ற பேச்சையே எடுக்கப் பயந்தார்கள். நந்தினி தானே கிழித்தாள், தானே மடித்தாள்.

கிராம நர்ஸ் அர்ச்சனா வயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டுத் தெளிவாகவே சொல்லியிருந்தாள். “குழந்தை குறுக்கே இருக்கு. வலி வந்தப்புறம் படகு ஏறலாம்னு நினைச்சுடாத நந்தினி. முன்னாடியே கரைக்குப் போயிடு.” ஏரிக்கு அக்கரையில், பழவேற்காட்டில், கூடப் படித்த ஜஸீலாவின் வீட்டு மாடியில் ஓர் அறை காலியாக இருந்தது. ஜஸீலா அதைக் கழுவி, கட்டில் போட்டு, போன் மேல் போன் செய்துகொண்டிருந்தாள்.

அந்த வெள்ளிக்கிழமை காலை கங்கையம்மன் திருவிழாவுக்குக் காப்பு கட்டினார்கள். ஊர்த் தலைவர் தாமோதரன் மணிக்கட்டில் மஞ்சள் கயிற்றோடு வீட்டுக்குள் வந்தார். அவர்தான் நந்தினியின் மாமனார்.

“காப்பு அவுக்கற வரிக்கும் யாரும் வெளியூர்ல ராத்தங்கக் கூடாது” என்றார், சாப்பிட உட்கார்ந்துகொண்டே. “தலைவர் வூட்லயே ஒருத்தர் போனா, நாளிக்கு ஊர்ல எவன் என் பேச்ச மதிப்பான்?”

நந்தினி கணவனைப் பார்த்தாள். அவன் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தான்.

“மாமா, நர்ஸ் இன்னா சொன்னாங்கன்னு உங்களுக்குத் தெரியுமில்ல?”

“தெரியும்மா. வலி வந்தா பார்த்துக்கலாம். போட்டு ரெடியாத்தான கீது.”

அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. போன வருஷமும் இதே இடத்தில் உட்கார்ந்து இதே வார்த்தையைத்தான் சொன்னார். போட்டு ரெடியாகத்தான் இருந்தது. ஏரியில்தான் தண்ணீர் இல்லை. முகத்துவாரம் மணல் தூர்ந்து, நீர் வற்றிக் கிடந்த நாள் அது. நடு ஏரியில் படகு சேற்றில் தட்டி நின்றது. இளவழகனும் இன்னும் மூன்று ஆண்களும் இறங்கித் தள்ளினார்கள், கத்தினார்கள், ஒருவரை ஒருவர் திட்டிக்கொண்டார்கள். ஐஸ் பெட்டிக்கும் வலைக் குவியலுக்கும் நடுவில் வெயிலில் படுத்து நந்தினி பெற்றாள். பெண் குழந்தை. அது அழவேயில்லை.

சாப்பாடு முடிந்து இளவழகன் கை கழுவ வந்தபோது அவள் வழியை மறித்தாள்.

“நீ ஒரு வார்த்த பேசலியே.”

“நைனா முன்னாடி இன்னாத்த பேச சொல்ற? காப்பு கட்டியாச்சு. கொஞ்ச நாளு பொறுத்துக்கமே.”

“நான் பொறுத்துப்பேன். உள்ள கீறது பொறுக்குமா? அதுகிட்ட நீ சொல்றியா, உங்க நைனா சொல்றாரா?”

அவன் சட்டையை மாட்டிக்கொண்டு பந்தல் வேலைக்குப் போய்விட்டான். அவன் வாங்கித் தந்த பிளாஸ்டிக் வாளி காலடியில் இருந்தது. நந்தினி அதை உதைத்தாள். அது உருண்டு சுவரில் மோதியது. சமையலறையில் கஸ்தூரியம்மாள் திரும்பிப் பார்த்தாள்.

நந்தினி ஜஸீலாவைக் கூப்பிட்டாள். குரலைத் தாழ்த்தவில்லை. பக்கத்து வீட்டுக்கும் கேட்கட்டும் என்றே பேசினாள். “நாளிக்கு உங்க வாப்பா எறா எடுக்க வருவார்ல? நான் கரையில நிப்பேன்.”

மறுநாள் காலை ஜஸீலாவின் வாப்பா ரவூப் பாயின் ஃபைபர் படகு வந்தது. குப்பத்து எறாவும் நண்டும் பல வருஷமாக அவருக்குத்தான் போய்க்கொண்டிருந்தன. இன்று படகின் முனையில் ஜஸீலாவும் உட்கார்ந்திருந்தாள், முழங்கால் வரை துணியைச் சுருட்டிக்கொண்டு.

நந்தினி பையைத் தூக்கிக்கொண்டு கரைக்கு வந்தபோது ஆண்கள் தராசைச் சுற்றி நின்றார்கள். யாரோ ஓடிப்போய்ச் சொல்லியிருக்க வேண்டும். தாமோதரன் கோயிலிலிருந்து வேகமாக வந்தார். பின்னால் இளவழகன்.

“எங்கம்மா போற?”

“புள்ள பெத்துக்கப் போறேன் மாமா.”

“காப்பு கட்டியிருக்குன்னு சொன்னேனே, காதுல வுழலையா?”

“வுழுந்துச்சு.”

தாமோதரன் அவளை விட்டுவிட்டு ரவூப் பாயிடம் திரும்பினார். “பாய், இவள ஏத்துனீன்னா நாளிலேர்ந்து இந்தக் கரையில ஒரு எறாகூட உனக்குக் கெடையாது. யோசன பண்ணிக்க.”

ரவூப் பாய் மோட்டார் மேல் கை வைத்தபடி நின்றார். அவர் கெட்டவரில்லை, ஆனால் பயந்துவிட்டார். “தலைவரே, நெறமாச புள்ளத்தாச்சி... நாம கொஞ்சம் பேசி...” என்று இழுத்தார்.

“வாப்பா, ஏத்துங்க” என்றாள் ஜஸீலா.

“நீ சும்மா இரு.”

நந்தினி தண்ணீரில் இறங்கிவிட்டாள். முழங்கால் ஆழம்தான். ஆனால் அடியில் சேறு வழுக்கியது, வயிறு முன்னே இழுத்தது. நாலு எட்டில் நின்று திரும்பினாள். கரையில் நின்ற அத்தனை ஆண்களையும் பார்த்தாள். பலர் அவளுடைய கல்யாணத்தில் சாப்பிட்டவர்கள். மூன்று பேர் போன வருஷம் படகைத் தள்ளியவர்கள்.

“எல்லாரும் நல்லா பார்த்துக்கங்க” என்று கத்தினாள். “போன வாட்டியும் போட்டு ரெடினுதான் சொன்னீங்க. செத்துப் பொறந்தத கையில வெச்சிகினு நான் போட்ல குந்திகினு இருந்தேன். நீங்க போட்டு மாட்டிகிச்சேனு கவலப்பட்டுகினு இருந்தீங்க! ஆத்தா என்னை இன்னா செஞ்சாலும் நான் ஏத்துக்கறேன். அவளும் பொம்பள. உங்ககிட்ட கேக்க எனக்கு ஒண்ணும் இல்ல.”

இளவழகன் தலையைக் குனிந்து மணலைப் பார்த்துக்கொண்டிருந்தான். மற்றவர்கள் திட்டியிருந்தால்கூட அவளுக்கு இவ்வளவு ஆத்திரம் வந்திருக்காது. அந்தக் குனிந்த தலையைப் பார்க்கப் பார்க்கத்தான் பற்றிக்கொண்டு வந்தது.

அப்போது கரையில் சலசலப்பு. கஸ்தூரியம்மாள் புடவைக் கொசுவத்தைத் தூக்கிச் செருகிக்கொண்டு தண்ணீரில் இறங்கினாள். தலைவர் வீட்டுப் பெண். நாளைக்கு முதல் கூழ் அவள்தான் காய்ச்ச வேண்டும்.

“எங்கடி போற?” என்றார் தாமோதரன்.

மகனைப் பார்த்துத்தான் பேசினாள். “அந்தப் புள்ளைய துணியில சுத்துனது நானுடா. மூஞ்சிய மூடுனதும் நானு. நீங்க ரெண்டு பேரும் அந்தாண்ட திரும்பிகினு நின்னீங்க. இன்னொரு வாட்டி என்னால முடியாது.”

மருமகளின் முழங்கையைப் பிடித்தாள். ஜஸீலா படகிலிருந்து குதித்து மறுபுறம் பிடித்தாள். இருவருமாக நந்தினியைப் படகில் ஏற்றி, தாங்களும் ஏறிக்கொண்டார்கள். ரவூப் பாய் இன்னும் கரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, எடை போட்ட எறாக் கூடையை அப்படியே கரையில் விட்டுவிட்டு, மோட்டாரை இழுத்து ஸ்டார்ட் செய்தார்.

நடு ஏரியில் படகின் அடி ஒரு தடவை சேற்றை உரசியது. நந்தினி பலகையை இறுகப் பிடித்தாள். ரவூப் பாய் மோட்டாரைத் தூக்கிவிட்டுக் கழியால் ஊன்றித் தள்ளினார். படகு நகர்ந்துவிட்டது. கரை வரும் வரை நந்தினி பலகையிலிருந்து கையை எடுக்கவில்லை.

ஜஸீலா வீட்டு மாடியில் அவள் சில நாட்கள்தான் இருந்தாள். ராபியா அம்மா, ஜஸீலாவின் தாய், கஞ்சியும் மீன் குழம்பும் மாடிக்கே கொண்டுவந்தாள். ஒரு மத்தியானம் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே பனிக்குடம் உடைந்தது. ஆட்டோவில் பொன்னேரி ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். பார்த்த டாக்டரம்மா உடனே ஆபரேஷன் என்றார். குழந்தையின் ஒரு கை முன்னால் வந்திருந்தது. படகில் இருந்திருந்தால் இரண்டு பேருமே பிழைத்திருக்க மாட்டார்கள் என்று பிறகு கஸ்தூரியம்மாளிடம் சொன்னார்.

பெண் குழந்தை. வார்டு முழுக்கக் கேட்கும்படி அழுதது.

இளவழகன் மறுநாள் வந்தான். இங்கே வர வேண்டும் என்று அப்பாவோடு சண்டை போட்டுவிட்டு வந்ததாகச் சொன்னான். அதற்காக அவள் பாராட்ட வேண்டும் என்று எதிர்பார்த்தான் போலிருந்தது. நந்தினி சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

“திருவிழா முடிஞ்சதும் கூட்டிகினு போறேன். நைனா ஒண்ணும் சொல்லமாட்டாரு.”

“நான் அங்க வரமாட்டேன்.”

“அப்புறம் எங்க இருப்ப?”

“பழவேற்காட்ல வூடு பாரு. நீ அங்கேர்ந்து ஏரிக்குப் போ. இல்ல உங்க நைனாகூடவே இரு. எனக்கு ரெண்டும் ஒண்ணுதான்.”

“தீவுல இல்லன்னா ஊர் மொறையில எனக்கு வலை போட எடம் குடுக்கமாட்டாங்கமே. பொயப்பே போயிடும்.”

“இது போயிருந்தா?” என்று குழந்தையைக் காட்டினாள். தையல் வலித்தது. அந்த வலியோடுதான் கத்தினாள். பக்கத்துக் கட்டில்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். அவன் முகம் சிவந்துபோய், பிஸ்கட் பாக்கெட்டைக் கட்டிலில் எறிந்துவிட்டு வெளியே போனான்.

பிறகு பல நாள் வரவில்லை. நந்தினி ஜஸீலா வீட்டுக்கே திரும்பினாள். தாமோதரன் சொன்னபடி குப்பத்து எறாவை வேறு வியாபாரிக்குக் கொடுத்துவிட்டார். ரவூப் பாய் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. கோட்டைக்குப்பத்தில் கடல் மீன் எடுக்கப் போய்வந்தார். அவர் பேசாமலிருந்ததும் நந்தினிக்குத் தாமோதரன் மேல் ஆத்திரத்தைத்தான் கூட்டியது.

மழை தூறிய ஒரு காலையில் தெருமுனையில் ஒரு மீன்பாடி வண்டி வந்து நின்றது. அதில் கேஸ் அடுப்பு, பாத்திரங்கள், இரண்டு தலையணை, சுருட்டிய வலை. இளவழகன் நனைந்துபோய் நின்றான். பின் தெருவில் வீடு பார்த்திருப்பதாகவும், கோட்டைக்குப்பத்து விசைப்படகில் ஆளாகச் சேர்ந்திருப்பதாகவும் அவன் தன் அம்மாவிடம்தான் சொன்னான். நந்தினியிடம் சொல்லத் தைரியமில்லை.

மாடிப்படியில் ஏறி வந்து வாசலிலேயே நின்றான். அவளுக்கு இன்னும் அவன் முகத்தைப் பார்க்கப் பிடிக்கவில்லை. அந்தக் கரையில் குனிந்த தலை கண்ணுக்குள்ளேயே இருந்தது. குழந்தை பால் குடித்து முடித்துக் கையை உதறியது.

“மழையில வந்துகீற” என்றாள். “தலைய தொடச்சிட்டு, கைய சோப்பு போட்டு கழுவிகினு வா.”