ஊதுலைக்கு ஒரு பெண் பெயர்

கெர்மான் லுகிச்சின் வாழ்க்கை வரலாறு அவருடைய நிறுவனத்தின் இணையதளத்தில் ஒரு பத்தி அளவுக்கு இருக்கிறது. தூக்கம் வராதபோது அவரே அதை எடுத்துப் படிப்பார். படிக்கப் படிக்க, இப்படி ஒரு மனிதரை எங்கேயாவது சந்தித்தால் நன்றாயிருக்குமே என்று தோன்றும். இரும்பு உருக்கும் ஊதுலையில் கடப்பாரை பிடிக்கும் உதவியாளனாகத் தொடங்கியவர், உழைப்பால் உயர்ந்தவர், 'வணிகப் பரிமாற்றங்களின் வழியே ஆலையின் பங்குகளைத் திரட்டியவர்' என்றெல்லாம் போகும்.

ஆலை இருக்கும் வெர்க்னயா ஸோலா ஊரில் இதே வரலாற்றை ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார்கள். சர்க்கரை.

சோவியத் போன பிறகு ஆலை மாதக்கணக்கில் சம்பளம் தரவில்லை. தந்தபோது பணமாகத் தராமல் எனாமல் சட்டிகளாகத் தந்தது. சமைக்க ஒன்றுமில்லாத ஊரில் வீட்டுக்கு ஒன்பது சட்டி. அந்தச் சமயம் கொள்முதல் பிரிவில் இருந்த கெர்மான், ஆலைக் கம்பியைக் கொடுத்து எங்கிருந்தோ லாரி லாரியாகச் சர்க்கரை கொண்டுவந்தார். ஆலை வாசலில் லாரியை நிறுத்தி, தொழிலாளர்களுக்கு அரசு கொடுத்திருந்த பங்குகளை வாங்கிக்கொண்டு சர்க்கரையை நிறுத்துக் கொடுத்தார். அவர் கையெழுத்து வாங்குவார். தராசைப் பிடித்தவள் அவருடைய மனைவி கிளாவா. குளிர்காலம் முடிவதற்குள் ஊரிலிருந்த ஜாம் எல்லாம் இனித்தது. ஆலை கெர்மானுடையதாகிவிட்டது.

அப்புறம் ஒரு வாரத்துக்கு என்று மாஸ்கோ போனார். அந்த வாரம் இன்னும் முடியவில்லை. இடையில் இரண்டு மனைவிகள், ஒரு கப்பல், பத்திரிகைகளின் பணக்காரர் பட்டியல்களில் ஏறுவதும் இறங்குவதுமாக ஒரு இடம்.

இப்போது வந்திருப்பது புதிய ஊதுலைக்காக. நாளை திங்கட்கிழமை அதற்குத் தீ வைக்க வேண்டும். ஊதுலைக்குப் பெண் பெயர்தான் வைப்பார்கள். பழைய உலைகள் நடேஷ்தாவும் ஸ்வெத்லானாவும். புதியதற்கு மூன்றாவது மனைவி இலோனாவின் பெயர் என்று அலுவலகம் முடிவு செய்து, அழைப்பிதழும் அச்சாகியிருந்தது. போன வாரம் கெர்மான் லுகிச் தாமே அதை அடித்துவிட்டு வேறு பெயர் எழுதினார். வெண்கலத் தகட்டில் கிளாவாவின் முழுப் பெயரை 'கிளாவ்தியா' என்று வார்த்து, கம்பளியில் சுற்றிக் காரின் பின்னால் வைத்திருந்தார்கள். நாளை கிளாவாவே வந்து தீ வைக்க வேண்டும். அதைக் கேட்கத்தான் அவர் இன்று அவள் வீட்டுக்குப் போகிறார்.

இன்று என்ற நாளையும் அவர் யோசித்துத்தான் தேர்ந்தெடுத்தார். ஈஸ்டருக்கு முன் வரும் பெருநோன்பு தொடங்குவதற்கு முந்தைய ஞாயிறு. ஊரே ஒருவரிடம் ஒருவர் போய் 'என்னை மன்னித்துவிடு' என்று கேட்கும் நாள். கேட்டவருக்குச் சொல்ல வேண்டிய பதிலும் தயாராகவே இருக்கிறது: 'கடவுள் மன்னிப்பார், நானும் மன்னிக்கிறேன்.' இவ்வளவு வசதியான நாள் வருடத்தில் வேறில்லை என்று கெர்மான் லுகிச் கணக்குப் போட்டிருந்தார்.

"அவங்க முடியாதுன்னுட்டா என்ன பண்றது, கெர்மான் லுகிச்?" என்று காரில் உதவியாளன் ஸ்தாஸ் கேட்டான்.

"தகட்ட உருக்கி உனக்கு ஒரு சிலை செஞ்சிடலாம். மூக்கு மட்டும் கொஞ்சம் சின்னதா வெக்கச் சொல்றேன்."

ஸ்தாஸ் சிரித்தான். சிரிப்பதற்கும் சேர்த்துத்தான் அவனுக்குச் சம்பளம்.

அது லிஃப்ட் இல்லாத ஐந்து மாடிக் கட்டடம். கிளாவா நான்காவது மாடி. மூன்றாவது மாடியிலேயே முழங்கால் இரண்டும் வேலைநிறுத்தம் அறிவித்தன. நின்று மூச்சு வாங்கினார். எல்லா வாசல்களிலிருந்தும் பிளினி அப்பம் சுடும் வெண்ணெய் வாசனை வந்தது.

கதவைத் திறந்த கிளாவாவின் கையில் கரண்டி இருந்தது. தலை முழுக்க நரைத்திருந்தது. பார்வை மட்டும் தராசு பிடித்த அதே பார்வை.

"ஓ, முதலாளி. ஷூவக் கழட்டு. தரை தொடச்சிருக்கேன்."

கொடுத்த செருப்பு ரோஸ் நிறத்தில், ரோமம் வைத்தது. குதிகால் வெளியே தொங்கியது. அதோடு சமையலறையில் போய் உட்கார்ந்தார். தட்டில் ஒரு பிளினியைப் போட்டு மேலே புளிப்பு கிரீமை அள்ளிவைத்தாள்.

"சாப்பிடு. மாஸ்கோல பட்டினி போடறாங்களா? கழுத்தெல்லாம் சுருங்கிக் கெடக்கு."

"டயட்டு."

"யாரு சொன்னது? மூணாவது ஆளா?"

அவர் பிளினியை வாயில் திணித்துக்கொண்டார். வாய் நிறைய இருந்தால் பதில் சொல்ல வேண்டியதில்லை. வரும் வழியெல்லாம் மனப்பாடம் செய்த வாக்கியம் மிகச் சின்னது. ஆனால் வாயைத் திறந்தபோது வந்தது வேறு.

"கிளாவா, புது உலைக்கு உன் பேரு வெச்சிருக்கேன். தகடுகூட வந்தாச்சு. கீழ கார்ல இருக்கு. நாளைக்கு நீதான் வந்து தீ வெக்கணும்."

கிளாவா கரண்டியை வாணலியில் வைத்தாள்.

"எது? ராத்திரி பகலா தின்னுக்கிட்டே, புகையக் கக்கிக்கிட்டே நிக்குமே, அதுக்கா?"

"ஐரோப்பாவுலயே பெரிய உலைகள்ல ஒண்ணு, கிளாவா."

"நல்லாருக்கு போ. காலைல ஷிஃப்ட்டுக்கு வர்றவன் கேப்பான், 'கிளாவா எப்படி இருக்கா?' 'அத ஏன் கேக்கற, ராத்திரிலேந்து வயிறு சரியில்ல. நாலு பேரு கம்பிய விட்டுக் குத்திக்கிட்டிருக்கோம்'பான். பதினஞ்சு வருஷம் கழிச்சு, 'கிளாவாவுக்கு உள்ள பூரா செங்கல் விழுந்துருச்சு, இடிச்சுடலாம்'பான். உயிரோட இருக்கேன்யா நான், இதையெல்லாம் கடைல வரிசைல நின்னு கேக்கணுமா?"

அவர் சிரித்துவிட்டார். அவளும் சிரித்தாள். ஒரு நிமிடம் சமையலறை பழைய சமையலறையாக இருந்தது. நடந்துவிடும்போலத்தான் இருக்கிறது என்று நினைத்து, அவர் இரண்டாவது பிளினியைத் தாமே எடுத்துக்கொண்டார். வியாபாரத்திலும் இப்படித்தான், எதிராளி சிரித்தால் பாதி வேலை முடிந்த மாதிரி.

"அப்ப வர்றே."

"வரல."

"கிளாவா, உனக்கு ஒரு மரியாதை செய்யணும்னு..."

"வக்கீல அனுப்பினியே, ஞாபகமிருக்கா? விவாகரத்துக்கு. நல்ல பையன். கால நல்லாத் தொடச்சுட்டு உள்ள வந்தான். நீ அனுப்பினதுலயே அவன்தான் பாக்கிற மாதிரி இருந்தான். அவன்மேல எனக்குக் கோபமில்ல." அடுப்பைச் சிறியதாக்கினாள். "உம்மேலகூட அதுக்காக இல்ல."

"பின்ன எதுக்கு?"

அவள் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றாள். கீழே முற்றத்தில், பனிக்குவியலுக்கு நடுவே அவருடைய நீளமான கறுப்புக் கார் பொருந்தாமல் நின்றது. கெர்மானை அவள் பழைய செல்லப் பெயரிலேயே கூப்பிட்டாள்.

"நீ பங்குகள எடுத்துக்கிட்டுப் போயிட்ட, கேரா. அந்தச் சர்க்கரை வரிசைய எங்கிட்ட விட்டுட்டுப் போயிட்ட. யாரு பத்திரத்துல கையெழுத்து வாங்கினான்னு யாருக்கு ஞாபகமிருக்கு? தராசப் பிடிச்சவ மூஞ்சி எல்லாருக்கும் ஞாபகமிருக்கு. அவங்களோடதான் நான் ரொட்டிக்கு நிக்கிறேன், ஆஸ்பத்திரில நிக்கிறேன். வருஷா வருஷம் இந்த நாள்ல ஒவ்வொரு கதவாத் தட்டி மன்னிப்புக் கேக்கறேன். இப்பத்தான், ஒரு நாலஞ்சு வருஷமா, என்ன உள்ள கூப்பிட்டு டீ குடுக்கறாங்க. நீ என் பேர ஆகாசத்துல ஏத்திவெச்சா என்ன சொல்வாங்க? 'பாத்தியா, தராசுக்காரிக்குக் கூலி வந்துருச்சு'ன்னுதான் சொல்வாங்க."

கெர்மான் லுகிச் தம் தட்டைப் பார்த்தார். எத்தனையோ பேரம் பேசியிருக்கிறார். எதிராளி இப்படி ஒரு காரணம் சொல்லி அவருக்கு அனுபவமில்லை. கடைசியில், மனப்பாடம் செய்தது தொண்டையிலிருந்து ஒரு வழியாக வெளியே வந்தது.

"கிளாவா. என்ன மன்னிச்சுடு."

"கடவுள் மன்னிப்பார்," என்றாள் கிளாவா.

காத்திருந்தார். மறுபாதி வரவில்லை. அவள் பிளினியைத் திருப்பிப் போட்டாள்.

"நானும்னு சொல்லணுமே," என்றார், சின்னப் பையன் மிட்டாய்க்கு நிற்பதைப்போல.

"வரிசைல வா. எனக்கு முன்னாடி ஆளுங்க இருக்காங்க. இதே படிக்கட்டுலயே பாதிப் பேரு இருக்காங்க. கீழ்வீட்ல நெஃப்யோத். ஞாபகமிருக்கா?"

ஞாபகமில்லாமலா. இரும்பு வழியும்போது பக்கத்தில் நின்று அவருக்குக் கடப்பாரை பிடிக்கக் கற்றுக்கொடுத்தவன்.

எழுந்து வெளியே வந்தார். படி இறங்கும்போதுதான் காலில் ரோஸ் செருப்பு இருப்பது தெரிந்தது. திரும்பிப் போய் ஷூ மாட்டினால் அப்படியே காருக்குப் போய்விடுவோம் என்று தம்மைப் பற்றி அவருக்கு நன்றாகவே தெரியும். அதனால் திரும்பவில்லை.

நெஃப்யோத் பனியனோடு கதவைத் திறந்து, முதலில் செருப்பைப் பார்த்தான். அப்புறம் முகத்தை.

"லுகிச்சா? வா. ஒருவேள வேலையப் பறிகொடுத்துட்டியோ?"

"நெஃப்யோத், உங்கிட்ட ஒண்ணு கேக்கணும். அந்தச் சர்க்கரை விஷயத்துக்கு... என்ன மன்னிச்சுடு."

நெஃப்யோத் தாடையைச் சொறிந்தான். அவசரப்படவில்லை.

"கடவுள் மன்னிப்பார், லுகிச். நானும் மன்னிச்சுட்டேன், எப்பவோ. பங்குன்னா என்னன்னு அப்ப எவனுக்குத் தெரியும்? அது ஒரு காகிதம். சர்க்கரைன்னா சர்க்கரை. ஆனா ஒண்ணு மட்டும் கேக்கறேன், தப்பா நெனைக்காத. அது ஈரமா இருந்துச்சே?"

கெர்மான் லுகிச்சின் காது சூடாயிற்று. ஈரச் சர்க்கரை எடை கூடும். பனி இறங்கட்டும் என்று லாரியின் தார்ப்பாயை இரவில் விலக்கிவைக்கச் சொன்னவர் யார் என்பது வரலாற்றுப் பத்தியில் இல்லை. தராசு பிடித்தவளுக்கும் தெரியாது என்றே இத்தனை நாள் நினைத்திருந்தார்.

"இருந்துச்சு," என்றார். "அதுக்கும் சேத்து."

"சரி, அதுக்கும் சேத்து." நெஃப்யோத் கை நீட்டினான். பிடி இன்னும் இடுக்கிப் பிடிதான்.

ஸ்தாஸ் தகட்டைக் கட்டிப்பிடித்துத் தூக்கிக்கொண்டு மேலே வந்துகொண்டிருந்தான். கனத்தில் அவனுக்கு மூச்சு வாங்கியது.

"கெர்மான் லுகிச், ஆலைலேந்து கேக்கறாங்க. பேரு என்னன்னு முடிவு பண்ணணுமாம். இலோனாவா, கிளாவ்தியாவா?"

"பேருக்கென்ன கவலை?" என்றான் நெஃப்யோத். "ஷிஃப்ட்ல பசங்க வெச்சே மாசம் மூணாச்சு. சர்க்கரைக் கிண்ணம்."

ஸ்தாஸ் முதலாளியைப் பார்த்தான், சிரிக்கலாமா என்று தெரியாமல். முதலாளி முதலில் சிரித்தார். சிரித்து முடிக்க நேரமானது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, "தகட்டக் கார்ல கொண்டுபோய் வை. நாளைக்கு அந்த எடம் சும்மாவே இருக்கட்டும்," என்றார். "தீய நெஃப்யோத் வெக்கட்டும்."

"நானா? எங்கிட்ட நல்ல சட்டையே இல்ல."

"எங்கிட்ட ஷூவே இல்ல."

மேலே கதவு திறக்கும் சத்தம் கேட்டது. கைப்பிடிக்கு மேலிருந்து கிளாவாவின் தலை எட்டிப் பார்த்தது. எவ்வளவு நேரமாக அங்கே இருந்தாளோ.

"கேரா! அடுத்த கதவு பெலகேயா. அவளுக்குக் காது சுத்தமாக் கேக்காது. நல்லாச் சத்தமாச் சொல்லணும்!"

ஐந்து மாடிக்கும் கேட்கும். கெர்மான் லுகிச் கழுத்துப்பட்டியைத் தளர்த்திக்கொண்டார், மூச்சை இழுத்துக்கொண்டார், கதவைத் தட்டினார்.